மலையைப் பார்க்கவும் கட்டணமா?

இருபது யுவான் நோட்டு ஒன்று நம் கைக்கு வந்தது. சீன நாட்டு நோட்டு. ஒரு பக்கத்தில் மாவோ. மறுபக்கத்தில் ஓர் ஆறு, ஆற்றின் கரையில் கூம்புகளை நட்டு வைத்தாற்போலக் குன்றுகள். ஆறு, லி ஆறு. குன்றுகள், குவாங்சி பகுதியில் குய்லின் நகரை அடுத்த சிங்பிங் ஊர்க் குன்றுகள். ஒரு நாடு தன் நோட்டிலேயே அச்சிட்டுப் போற்றும் எழில்! கண்டு வருவோமே என்று, தோளில் ஒரு பையும் பையில் இரண்டு உடுப்புமாகப் புறப்பட்டோம்.

பணம் படைத்தோன் பயணம் வேறு. பை தூக்கிச் செல்வோன் பயணம் வேறு. அவன் மாளிகை விடுதியின் சன்னல் வழியே மலையைப் பார்க்கிறான். நாமோ பலர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்குக் காசு கொடுத்தோம். காலையில் கூலிக்குப் போவோருடன் தோளோடு தோள் நின்று, நம் வீட்டுச் சேவையைப் போன்ற அரிசி உணவை உண்டோம். மலையைக் கண்டோம், மலையடியில் வாழும் மக்களையும் கண்டோம்.

தோழர்களே! அந்தக் குன்றுகள் எப்படி வந்தன? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையை, பின்னர் மழைநீர் கரைத்துக் கரைத்துச் செதுக்கியது. எந்த மன்னனும் கட்டியதல்ல; எந்த முதலாளியும் முதல் போட்டதல்ல. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் செல்வத்தில் சேர்த்தது. உலகத்தின் செல்வம் என்றால் உழைப்பவனுக்கும் அதில் உரிமை உண்டல்லவா?

ஆனால் நடந்தது என்ன? யானை துதிக்கையை நீட்டித் தண்ணீர் குடிப்பது போன்ற குன்று ஒன்று நகரின் நடுவே, ஆற்றங்கரையில் நிற்கிறது. அதுவே அந்நகரின் அடையாளம். பல ஆண்டுகள், சீட்டு வாங்கியவருக்கே அந்தப் பூங்காவுக்குள் வழி! உள்ளூர்ப் பிள்ளை தன் ஊர் யானையருகே போகவும் கட்டணம்! 2022இல்தான் அந்த வாயில் கட்டணமின்றித் திறக்கப்பட்டது.

"வருமானம் போய்விடுமே" என்று கணக்குப் பார்ப்போர் எங்கும் உண்டு. அவர்களுக்கு ஹாங்சோ நகரம் விடை சொல்லிவிட்டது. 2002 முதல் அந்நகரம் தன் மேற்கு ஏரிப் பூங்காக்களின் கட்டணத்தை நீக்கிற்று. சீட்டுக் காசு போயிற்று. ஊர் நொடித்தா போயிற்று? இல்லை! வந்தவர்கள் கூடுதலாகத் தங்கினார்கள், உண்டார்கள், பொருள் வாங்கினார்கள். வாயிலில் ஒரே பெட்டியில் விழுந்த காசு, ஊரெங்கும் பல கைகளுக்குப் பரவியது.

எனினும் வேலியை எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. அந்தக் காசு எந்தக் கைக்குப் போகிறது என்று கேட்க வேண்டும்.

லி ஆற்றில் நீர்க்காகத்தைப் பழக்கி மீன் பிடித்தவன் இன்று பெரும்பாலும் படம் பிடிப்போர் முன் நின்று காட்டியே காசு பெறுகிறான். மூங்கில் தெப்பத்தின் இடத்தில் குழாய்த் தெப்பம் ஓடுகிறது. தொழில் போயிற்று, தொழிலின் தோற்றம் விலை போகிறது! யாங்சுவோ ஊரில், திரைப்பட இயக்குநர் ஜாங் யிமோ அமைத்த பெருங்காட்சி 2004 முதல் ஆற்றின் மேலேயே நடக்கிறது. நடிப்போரில் பலர் அக்கரை இக்கரைக் கிராமங்களின் மீனவரும் உழவருமே. 2017இல் அதை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கி நொடிப்பு நடவடிக்கைக்குப் போயிற்று. இரவுதோறும் துடுப்புப் போட்ட கைகளா அந்தக் கடனை வாங்கின? கூட்டம் குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. மேலே இருந்தோர் கணக்குத்தான் கவிழ்ந்தது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு, அதே குய்லின் வட்டாரத்திலேயே உண்டு! வடக்கே லோங்ஷெங் மலைச்சரிவில், சுவாங் மக்களும் யாவ் மக்களும் தலைமுறை தலைமுறையாக வெட்டிய அடுக்கு வயல்கள் இருக்கின்றன. அங்கே தாசாய் என்னும் யாவ் சிற்றூரில், பார்வையாளர் கட்டணத்தில் ஒரு பங்கு ஊராருக்குப் பிரித்துத் தரப்படுகிறது. வயலைப் பேணி நெல் நடுவோருக்கு அந்தப் பங்கு. பிச்சையல்ல, இனாமல்ல, உழைப்புக்குரிய உரிமை! உழவன் வயலைக் கைவிட்டால் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கும்? புதர்தான் இருக்கும். இதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. பங்கு சிறிதா பெரிதா என்று வாதாடலாம்; ஆனால் நெறி சரியான நெறி.

இயற்கையைக் காப்பதும் இந்த நெறியில்தான் நிலைக்கும். 1970களின் இறுதியில் லி ஆற்றைக் கெடுத்த ஆலைகளை அரசு மூட வேண்டியிருந்தது. 2021இல் அங்கு சென்ற சீனத் தலைவர் ஷி ஜின்பிங், மலையை உடைப்பதும் ஆற்று மணலை அள்ளுவதும் கூடாதென்று எச்சரிக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கை வேண்டியதே. ஆனால் மலை நின்றால் தன் அடுப்பும் எரியும் என்று கண்டவன், காவலர் இல்லாமலே மலையைக் காப்பான். மலையால் ஒரு காசும் காணாதவனை, கல்லுடைக்கும் குத்தகைக்காரன் எளிதில் கூலிக்கு அழைத்துக்கொள்வான். பசி அவனைத் தள்ளும்போது எழிலைப் பற்றிப் பேசிப் பயனென்ன?

ஊர் திரும்புமுன் அந்த இருபது யுவானை ஒரு தெப்பக்காரரிடம் கொடுத்தோம். நோட்டிலிருந்த குன்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவர் நோட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டு அடுத்த ஆளை அழைத்தார். அன்றாடம் அந்தக் குன்றின் அடியில் பாடுபடுபவருக்குப் படம் எதற்கு? பங்குதான் வேண்டும்.

வேலியை எடுத்தது பாதி நீதி. பங்கைக் கொடுப்பதே முழு நீதி. குய்லினுக்கு மட்டுமல்ல, மலையும் ஆறும் கடலும் காட்டிக் காசு பார்க்கும் எந்த நாட்டுக்கும் இதுவே அளவுகோல்!