குரங்கின் மேல் பழி போட்டது போதும்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய, இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுவிட, அடுத்தடுத்த நாள்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. உலகம் சிரித்தது, நாமும் சேர்ந்து சிரித்தோம். ஒரு குரங்கு தட்டி விழும் அளவுக்கு நம் மின்கட்டமைப்பு எப்போது இவ்வளவு இலேசாகிப் போனது என்று மட்டும் கேட்கவில்லை.

இலேசு என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்கிறோம். நுரைச்சோலையிலும் விக்டோரியா நீர்மின் நிலையத்திலும் சுழல்பவை தொன் கணக்கில் எடையுள்ள இயந்திரங்கள். எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றாலும் அந்தச் சுழற்சியின் வேகம் சில வினாடிகள் சுமையைத் தாங்கும். 50 ஹேர்ட்ஸ் மீடிறன் மெல்லத்தான் சரியும். அதற்குள் நீர்மின் நிலையங்கள் கதவைக் கூடுதலாகத் திறந்துவிடும். கூரைச் சூரியப் படலங்களின் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்ப மாற்றித்தரும் இன்வேர்ட்டரிலோ சுழல எதுவுமில்லை. தொழிற்சாலைகள் மூடிய ஞாயிறில், வெயில் கொளுத்தும்போது, கனமான இயந்திரங்களை ஒதுக்கிவைத்துச் சூரியனுக்கு இடம் விடுகிறோம். அந்த வேளையில் அடி விழுந்தால் மீடிறன் செங்குத்தாக இறங்கும்.

போதாததற்கு, மீடிறனோ வோல்ற்றளவோ குறித்த எல்லையைத் தாண்டினால் உடனே கழன்றுகொள்ளும்படிதான் பழைய இன்வேர்ட்டர்களை அமைத்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளியின் உயிரை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. சில நூறு வீடுகளில் மட்டும் படலங்கள் இருந்த காலத்துக்கு அது போதும். இன்று கூரைகளில் ஆயிரம் மெகாவோட்டுக்கு மேல் இருக்கிறது. படகு ஆடும் நேரம் பார்த்துத் தண்டு வலிப்பவர்கள் எல்லோரும் கடலில் குதித்தால் என்ன ஆகும்?

மீடிறன் 50.2 ஹேர்ட்ஸைத் தொட்டதும் இன்வேர்ட்டர்கள் எல்லாம் ஒன்றாகக் கழலும் ஆபத்தை ஜேர்மனி கண்டது. 2012இல் விதி கொண்டுவந்து பழைய இன்வேர்ட்டர்களைத் திருத்தத் தொடங்கியது. ஜேர்மனிக்காவது தோள்கொடுக்க அயல்நாடுகள் இருந்தன. நம்மைப்போல் தனித்து நிற்கும் ஹவாய், 2015இல் சுமார் எட்டு இலட்சம் சிறு இன்வேர்ட்டர்களின் அமைப்பை இணையம் வழியாகவே மாற்றியது. யாரும் ஏணி வைத்துக் கூரை ஏறவில்லை.

நாம் என்ன செய்தோம்? மின்தேவை சரியும் 2025 சித்திரைப் புத்தாண்டுக்குக் கூரைப் படலங்களை அணைத்துவைக்குமாறு மக்களிடம் மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. கடன் வாங்கிப் படலம் போட்டவரிடம் பண்டிகைக்குப் பண்டிகை கெஞ்சுவதைக் கட்டமைப்பு முகாமைத்துவம் என்று சொல்ல முடியாது.

மீடிறன் ஏறும்போது உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கவும், தளம்பலின்போது கழலாமல் தாங்கி நிற்கவும் இன்வேர்ட்டரால் முடியும். புதிய இணைப்பு ஒவ்வொன்றிலும் அந்த அமைப்பு இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்மானி பூட்டப்பட வேண்டும். பழையவற்றை மாற்றும் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டக்கூடாது. வினாடிக்குள் பதில் கொடுக்கும் பெரிய பற்றரிகளும் உடனே வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு 2024இல் ஒப்பந்தமான கலப்பு மின் திட்டத்தில் சூரியனோடும் காற்றோடும் பற்றரியும் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. ஒரு மேகம் கடந்தாலே ஆடிப்போகும் சின்னத் தீவுக்கு அது இல்லாமல் முடியாது என்று கணக்குப் போட்டவர்களுக்குப் பெரிய தீவின் கணக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை?

அடுத்த விடுமுறைக்கு முன் சபை இன்னொரு வேண்டுகோளை அச்சிட வேண்டாம். எந்த ஆண்டில் பூட்டிய எத்தனை இன்வேர்ட்டர்கள் எந்த மீடிறனில் கழன்றுகொள்ளும் என்ற பட்டியலை வெளியிடட்டும்.