மூலம் தெரியாத புற்றுநோய்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். புற்றுநோய் மருத்துவத்திலோ முதலில் தேடுவதே மூலத்தைத்தான். நுரையீரலில் தோன்றியதா, குடலில் தோன்றியதா என்பதைப் பொறுத்துத்தானே மருந்து! ஆனால் சிலருக்குக் கல்லீரலிலோ எலும்பிலோ பரவிய கட்டி மட்டும் தெரியும். அது கிளம்பிய இடம் எந்த ஸ்கேனிலும் அகப்படாது. முகவரி எழுதி வைத்துவிட்டா கிளம்புகிறது? இப்படி இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தும்கூட, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மூலம் கிடைக்கவில்லை என்கிறது 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு.

உயிரோடு இருப்பவரை ஒரு ஸ்கேனிலிருந்து இன்னொரு ஸ்கேனுக்கு அலையவிட்டு வாரங்களைக் கரைப்பதில் என்ன நியாயம்? வீட்டார் பணத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். நோயாளி மெலிந்துகொண்டே போவார். கீமோவைத் தாங்கும் தெம்பு இருக்கும்போதே சிகிச்சை தொடங்க வேண்டாமா?

தேடவே வேண்டாம் என்பதல்ல. தேட வேண்டியது, நன்றாகக் குணம் காணும் வகைகளை. ஒரு பெண்ணுக்கு அக்குள் நெறிக்கட்டியில் மட்டும் சுரப்பித் திசுப் புற்று இருந்தால், மார்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மார்பகப் புற்றுக்கான சிகிச்சைதான். ஆணுக்கு எலும்பில் பரவி, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. எகிறியிருந்தால் புராஸ்டேட் சிகிச்சை. கழுத்து நெறிக்கட்டியில் செதிள் செல் புற்று என்றால் தொண்டைப் புற்றைப்போல் அறுவையும் கதிர்வீச்சும். அவர்களில் பலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். மூலம் தெரியாதவர்களில் 100-க்கு 15 முதல் 20 பேர் இப்படிப்பட்டவர்கள். இவர்களைத் தவறவிடுவதுதான் பெரிய பிழை. இதைப் பிடித்துக் கொடுப்பவர் பயாப்ஸித் திசுவுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட். ஊசியில் துளியூண்டு திசு எடுத்தால் அவர் என்ன செய்வார்? நாலாவது ஸ்கேனுக்குச் செலவழிப்பதைவிடப் போதுமான திசு எடுப்பது மேல்.

மீதி 80 முதல் 85 பேரின் நிலைமை கடினம். பாதிப்பேர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. மரபணுக்களின் செயல்பாட்டை வைத்து மூலத்தை ஊகித்து, அதற்கேற்ற மருந்து கொடுத்துப் பார்த்தார்கள் ஜப்பானில். 2019-இல் வந்த முடிவு: வழக்கமான கீமோவைவிட ஆயுள் கூடவில்லை. 2024-இல் வெளியான 'குபிஸ்கோ' ஆய்வு வேறு வழியில் போனது. மூலத்தை விட்டுவிட்டு, கட்டியில் உள்ள மரபணு மாற்றத்துக்கு ஏற்ற மருந்தைக் கொடுத்தது. முதல் கீமோவில் நோய் கட்டுப்பட்டவர்களுக்கு, அது மீண்டும் வளராமல் இருந்த காலம் 4.4 மாதத்திலிருந்து 6.1 மாதமானது. இரண்டு மாதம்கூட இல்லைதான். ஆனாலும் இந்த நோயில் அது சின்ன விஷயமில்லை.