விருப்பம் கேட்டால் போதுமா?

தோழனே!

பெண் பார்க்க வந்தவர் அனைவரும் மணமேடை ஏறிவிடுவதில்லை. பஜ்ஜியும் சொஜ்ஜியும் உண்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று கூறிச் சென்றவர் எத்தனை பேர்! அந்தச் சொல்லை நம்பிப் பந்தக்கால் நட்ட தந்தை உண்டோ? இல்லை. ஆனால், அரசுகள் சில நட்டுவிடுகின்றன!

காற்றிலும் கதிரொளியிலும் மின்சாரம் காண விழையும் அரசுகள், "எங்கள் வட்டாரத்தில் ஆலை அமைக்க விருப்பமுண்டா?" என்று நிறுவனங்களைக் கேட்கின்றன. கேட்பது தவறென்று நான் கூறவில்லை. கேட்கத்தான் வேண்டும். காற்றாலையை ஓரிரு ஆண்டுகளில் நிறுத்திவிடலாம்; அதன் மின்சாரத்தை நகருக்குக் கொண்டு செல்லும் உயரழுத்த மின்தடம் அமைக்கவோ பல்லாண்டு பிடிக்கும். தடமில்லாத இடத்துக்கு முதலாளி வரமாட்டார். ஆலை வராத இடத்துக்குத் தடம் போட அரசு துணியாது. தடம் வரட்டும் என்று அவரும், ஆலை வரட்டும் என்று அரசும் காத்திருக்க, காற்று மட்டும் வீணே வீசிக்கொண்டிருக்கும்! இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் விருப்பக் கணக்கு.

கணக்கு எப்படி வருகிறது, பார்! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், 2020-இல் மத்திய மேற்கு ஒரானா வட்டாரத்துக்கு 3,000 மெகாவாட் என்று திட்டமிட்டுத் தொழில்துறையின் விருப்பத்தைக் கேட்டது. குவிந்தவை 113 திட்டங்கள். மொத்தம் 27,000 மெகாவாட். ஒன்பது மடங்கு! நெஞ்சம் பூரிக்கும் கணக்கு. ஆயின், விருப்பம் தெரிவிக்க ஆகும் செலவென்ன? ஒரு தாள், ஒரு கையொப்பம். எவரையும் கட்டுப்படுத்தாத கையொப்பம்!

நம் நாட்டுக்கு வா. 2018-இல், குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் 1,000 மெகாவாட் கடற்காற்றாலைக்கு இந்திய அரசின் சார்பில் விருப்பம் கேட்டார்கள். 35 நிறுவனங்கள் விரும்பின. ஏழாண்டு உருண்டோடி 2025 பிறந்தபோதும், அந்தக் கடலில் மின்சாரம் தரும் காற்றாலை ஒன்றுகூட எழவில்லை. விருப்பம் இருந்தது, கட்டுபடியாகும் விலை இருக்கவில்லை. அதனால்தான் 2024 ஜூனில், குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 என 1,000 மெகாவாட்டுக்கு ரூ.7,453 கோடி ஈட்டுநிதித் திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

மாறாக, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் செய்தது என்ன? 2005-இல் சட்டம் இயற்றியது. காற்று மிகுந்த வட்டாரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, "விருப்பமுண்டா?" என்பதோடு நிற்காமல், "பணத்தை ஈடுகட்டி நிற்கிறாயா?" என்றும் பார்த்தது. பிறகு, ஆலைகள் எல்லாம் வரட்டும் என்று காத்திராமல், ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவில், 3,600 மைல் அளவுக்கு மின்தடங்களை அமைக்கச் செய்தது. 2014 தொடக்கத்தில் பணி முடிந்தது. வெறுங்கையால் காட்டிய விருப்பத்துக்கும், கைப்பணம் வைத்த விருப்பத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

இருக்கட்டும். முதலாளியைக் கேட்டாயிற்று, மண்ணுக்கும் கடலுக்கும் உரியவனைக் கேட்டாயிற்றா?

மின்தடம் தாங்கும் நிலத்துக்காரருக்குக் கிலோமீட்டருக்கு 2 இலட்சம் டாலர், 20 ஆண்டுகளில் தருவோம் என்று நியூ சவுத் வேல்ஸ் அரசு அறிவித்தது எப்போது தெரியுமா? 2022-இல்! விருப்பக் கணக்கு எடுத்து ஈராண்டு கழிந்த பிறகு! ஆலை முதலாளிக்கு அழைப்பிதழ் முதலில். உழவனுக்கு விடை பின்னால்.

அந்த வரிசை நம் கரையிலும் நிகழலாமா? 2024 பிப்ரவரியில், தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட் அளவுக்குக் கடற்படுகையைக் குத்தகைக்கு விட ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். நிறுவனங்களுக்கு வரைபடம் போயிற்று. அந்தக் கடலையே வயலாகக் கொண்ட மீனவனின் குடிசைக்குப் போனது என்ன? எந்தத் திசையில் வலை வீசலாம், எந்த வழியில் வள்ளம் செலுத்தலாம், கடலடிக் கம்பி கரையேறும் இடம் எது என்பதை அவனிடம் கேளாமல் வகுக்கும் திட்டம், தாளில் நிற்கும், தண்ணீரில் நிற்காது!

காற்றாலை வேண்டாம் என்பதல்ல என் வாதம். வேண்டும்; விரைவில் வேண்டும். நிலக்கரிப் புகையிலிருந்து விடுதலை வேண்டும். விரைவில் வேண்டும் என்பதால்தான் கூறுகிறேன்: நிறுவனத்தின் விருப்பத்தைப் பணயத்தொகையோடு கேள், கரையிலுள்ளோரின் கருத்தை அதற்கு முன்பே கேள், இரண்டும் கிடைத்தபின் மின்தடத்தை அரசே முன்நின்று போடு!

தோழனே, கடலோரச் சிற்றூரில் பணியாற்றுபவன் நீ. அங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் மீன்பிடித் தடத்தையும், அச்சத்தையும், எதிர்பார்ப்பையும் எழுதி எடு. முதலாளிகளின் விருப்பக் கணக்கு தலைநகரில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் வைக்க, மக்களின் விருப்பக் கணக்கை நீ கொண்டு வா!