நீல விளக்கும் இருபதாயிரம் யென்னும்

நம் கடைகளில் குண்டு பல்பும் டியூப் லைட்டும் போய் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. கரண்ட் பில் குறைந்ததில் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் இந்த விளக்குக்குப் பின்னால் ஒரு முதலாளி-தொழிலாளி கணக்கு இருக்கிறது. வணிகர்களாகிய நாம் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பச்சையும் பின்னாலேயே வந்தது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் போக்குக் காட்டியது. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் கிடைக்காது. அதற்கு வேண்டிய காலியம் நைட்ரைடு படிகத்தை ஒழுங்காக வளர்க்க முடியாமல் பலர் கைவிட்டார்கள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகப் பேராசிரியர் அகாசாகியும் மாணவர் அமானோவும் விடவில்லை. 1,500 தடவைக்கு மேல் முயன்று, 1986-ல் நல்ல படிகத்தைக் கண்டார்கள்.

அதே நாட்டில் ஷிகோகு தீவில் நிச்சியா என்றொரு சிறு கம்பெனி. டியூப் லைட்டுக்கு உள்ளே பூசும் ஒளிரும் பொடிதான் அதன் வியாபாரம். 1979-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த நகாமுரா, பத்து வருடம் பாடுபட்டுத் தயாரித்த சரக்குகள் பெரிதாக விற்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொள்வோம்? அவர் 1988-ல் நேரே முதலாளி நொபுவோ ஒகாவாவிடம் போய், நீல விளக்கு செய்யப் பணம் கேட்டார். முதலாளி சுமார் 50 கோடி யென் கொடுத்தார். பின்னர் வந்த நிர்வாகம் நிறுத்தச் சொல்லியும் நகாமுரா நிறுத்தவில்லை. 1993-ல் பளிச்சென்ற நீல விளக்கு எரிந்தது. 1996-ல் அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசி வெள்ளை விளக்கைக் கொண்டுவந்தது அதே கம்பெனி. பழைய சரக்கே புதிய சரக்குக்கு உதவிய இந்த வியாபார சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பாராட்ட முடியாதது ஒன்றும் உண்டு. இதற்கான முக்கியமான காப்புரிமைக்கு நகாமுராவுக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென். அன்றைய நம் பணத்தில் சில ஆயிரம் ரூபாய். நஷ்டத்துக்கு அஞ்சாமல் முதல் போட்டவருக்கே லாபத்தில் பெரும்பங்கு என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொழிலையே தூக்கி நிறுத்தியவனுக்குத் தீபாவளி இனாம் போல எதையோ கொடுத்து அனுப்புவது முறையல்ல என்றே நாம் கருதுகிறோம். இந்தப் பழக்கம் நம் கடைவீதியிலும் இல்லாமல் இல்லை.

வழக்கு நடந்தது. 2004-ல் தோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில், 2005-ல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசமானது. 2014-ல் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, நகாமுரா அந்தக் கம்பெனியை விட்டு அமெரிக்கா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.