ஆறு பேரை எங்கே நிறுத்துவது?

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் நினைத்துவிட வேண்டாம். இது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அதிலும் டிவியில் வருகிற 11 பேர் ஆட்டம் அல்ல. அதன் கிராமத்துத் தம்பியான ஆறு பேர் ஆட்டம்.

1930-களில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டிக்கொண்டிருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் செஸ்டர் என்ற சிற்றூரில் ஆசிரியராக இருந்தவர் ஸ்டீபன் எப்ளர். 11 பையன்களைச் சேர்க்க முடியாத சின்னப் பள்ளிகளும் ஆடட்டும் என்று இந்த ஆட்டத்தை அவர் வடிவமைத்தார். 1934 செப்டம்பர் 26-ம் தேதி இரவு, ஹெப்ரான் நகரில் விளக்கு வெளிச்சத்தில் முதல் ஆட்டம் நடந்தது. நான்கு பள்ளிகளின் மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். 19-19 என்று சமனில் முடிந்தது.

இன்று இந்த ஆட்டம் அதிகம் செழித்திருப்பது டெக்சாஸில். உயர்நிலை வகுப்புகளில் மொத்தமே 105 மாணவர்களுக்குள் இருக்கும் பள்ளிகளுக்கானது இது. அப்படிப்பட்ட அரசுப் பள்ளிகள் நூற்றுக்கும் மேல் அங்கே ஆறு பேர் அணி வைத்திருக்கின்றன. பருத்திக் காடும் எண்ணெய்க் கிணறும் சூழ்ந்த ஊர்களில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். மாநில இறுதிப்போட்டி, டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் பிரமாண்டமான ஆர்லிங்டன் ஸ்டேடியத்தில் நடக்கிறது.

அங்கே போவது பிறகு இருக்கட்டும். ஒன்பது பையன்களை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் கோச்சுக்குத் திங்கட்கிழமையே ஒரு கேள்வி வந்துவிடும். எதிரணி கையில் பந்து இருக்கும்போது, நம் ஆறு பேரை எங்கே நிறுத்துவது?

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றலாம். மைதானமும் சின்னதுதானே? 11 பேர் ஆட்டத்துக்கு 100 யார்டு நீளம், 53 யார்டு அகலம். இங்கே 80, 40. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது. அங்கே ஒரு வீரரின் பங்குக்குச் சுமார் 485 சதுர யார்டு வருகிறது. இங்கே 533! போதாக்குறைக்கு, இங்கே ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பாஸ் வாங்கலாம். எறிபவர் போக ஐந்து பேர். 11 பேர் ஆட்டத்திலும் அதே ஐந்து பேர்தான். ஆனால் அங்கே அவர்களைக் கவனிக்க 11 பேர் இருக்கிறார்கள். இங்கே ஆறே பேர்.

அதனால்தான் இந்த ஆட்டத்தில் 50, 60 புள்ளிகள் எல்லாம் சர்வசாதாரணம்.

பல கோச்கள் முதலில் எடுப்பது 3-2-1. முன்வரிசையில் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர்கள் இரண்டு பேர், கடைசியில் காவல்காரனாக ஒரு சேஃப்டி. பார்ப்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் முன்வரிசையில் இரண்டு ஓரத்திலும் நிற்கிற பையன்களிடம்தான் கோச்சின் தொண்டை வறண்டுபோகும். பந்து வைத்திருப்பவனைப் பாய்ந்து பிடிக்க வேண்டும் என்றுதான் அந்த வயதில் கை பரபரக்கும். அவர்களின் முதல் வேலையோ அது இல்லை. ஓடிவருபவன் தங்களைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போய்விடாமல், அவனை நடுப்பக்கம் திருப்பிவிட வேண்டும். பிடிப்பது மற்றவர்கள் வேலை. ஓரம் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரே ஒரு சேஃப்டிதான் பாக்கி. அவனும் சறுக்கினால் ஆறு புள்ளி போச்சு.

3-2-1-ல் ஓட்டையும் உண்டு. முன்வரிசை மூன்று பேரும் பாய்ந்துவிட்டால், பாஸ் வாங்க ஓடும் ஐந்து பேருக்கு மிச்சம் இருப்பது மூன்று பேர். நன்றாகப் பந்து எறியத் தெரிந்த அணி இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். அப்போது ஒருவரைப் பின்னுக்கு இழுத்து 2-2-2 ஆகவோ, பின்னால் இரண்டு பேர் நிற்கிற 3-1-2 ஆகவோ மாற்றுகிறார்கள். பின்பக்கம் பத்திரமாகும், நடுவில் இடைவெளி விழும்.

மூன்றாவது வழி, ஆளுக்கு ஆள். 'அந்த 12-ம் நம்பர் எங்கே போனாலும் நீயும் போ' என்று சொன்னால் போதும். நேற்று அணியில் சேர்ந்த பையனுக்குக்கூடப் புரியும். கால் வேகமுள்ள ஆறு பேர் இருந்தால் இது அருமையான முறை. இல்லாவிட்டால், ஒருவன் ஏமாந்த இடத்தில் உதவிக்கு வர யாரும் இருக்க மாட்டார்கள். பையன்கள் இதில் வழக்கமாகக் கோட்டைவிடுவது சென்டரிடம். பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளிவிட்டு அப்பாவிபோல நிற்கும் அந்தப் பையனும் இங்கே பாஸ் வாங்கலாம். 11 பேர் ஆட்டத்தை டிவியில் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது உறைப்பதே இல்லை. மெதுவாக நழுவி, ஆளில்லாத இடத்தில் போய் நின்று, கையை ஆட்டுவான்.

தடுப்பவர்களுக்குச் சாதகமாகவும் இரண்டு விதிகள் இருக்கின்றன. சென்டரிடமிருந்து பந்தை வாங்குபவர், அதை அப்படியே எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது. பாஸ் எறியலாம், ஓட வேண்டும் என்றால் பந்து இன்னொருவர் கைக்குப் போயாக வேண்டும். அந்தக் கைமாற்றத்துக்கு ஆகும் அரை நொடிதான் தடுப்பவருக்குக் கிடைக்கிற சில்லறை. அதற்குள் ஓரத்துப் பையன் தன் இடத்துக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கைமாற்றிவிட்டவனை அப்புறம் யாரும் மறந்துவிடக் கூடாது. அவனே ஓடிப்போய்த் திரும்பப் பாஸ் வாங்கலாம்.

இன்னொன்று, 15 யார்டு விதி. நான்கு முயற்சிக்குள் 15 யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 11 பேர் ஆட்டத்தில் 10 யார்டு போதும். இங்கே ஒவ்வொரு முயற்சியிலும் 3 யார்டு கொடுத்தால்கூட மொத்தம் 12தான் ஆகிறது. பந்து நமக்கு. அதாவது, எதிரணியை நின்ற இடத்திலேயே மடக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஒரே ஓட்டத்தில் 40 யார்டு போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆள் குறைந்த அணிக்கு, எதிரணியை முன்னால் வைத்துப் பொறுமையாக ஆடும் 3-2-1 பெரும்பாலும் சரியாக வருவது இதனால்தான். ஒரே வாரத்தில் நான்கு முறைகளைச் சொல்லிக்கொடுத்து, வெள்ளிக்கிழமை யார் எங்கே நிற்பது என்று பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைவிட, இது எவ்வளவோ மேல்.

அடுத்து, அணியிலேயே நன்றாக மடக்கத் தெரிந்த பையனை எங்கே நிறுத்துவது? நடுவில் நிறுத்தினால் எல்லா முயற்சியிலும் அவன் கை இருக்கும். கடைசியில் நிறுத்தினால் நிறைய முயற்சிகளில் வேடிக்கை பார்ப்பான். ஆனால் விழவேண்டிய டச்டவுன்களை நிறுத்துவான். அப்படி ஒருவன்தான் இருக்கிறான் என்றால் சேஃப்டி இடமே அவனுக்கு ஏற்றது. காரணம் களைப்பு. சின்ன அணியில் அதே பையன்தான் பந்து நம் கையில் இருக்கும்போதும் ஓடுபவனாக இருப்பான். 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஒவ்வொரு முயற்சியிலும் முட்டிமோதினால் கடைசிக் கால்பகுதியில் அவனிடம் கால் இருக்காது.

திட்டம் எதுவானாலும் திறந்த வெளியில் ஒருவனை ஒருவன் தனியாக மடக்கத் தெரிய வேண்டும். தலையை நிமிர்த்தி, ஹெல்மெட்டால் முட்டாமல், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து வீழ்த்துவது. 14 வயதுப் பையன் 18 வயது ஆளுக்கு எதிரே நிற்கிற ஆட்டம் இது. மாற்று ஆட்கள் இரண்டு மூன்று பேர்தான். அடிபட்டவனுக்கு வலி என்பது ஒரு பக்கம். இன்னும் இரண்டு பேர் விழுந்தால் அடுத்த வாரம் அணியே கிடையாது. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி கிடைக்கிறது என்றால் இரண்டு நாளை இதற்கே செலவழிக்கிற கோச்சை யாரும் குறை சொல்ல முடியாது.

தோற்பதற்கும் இங்கே ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். இடைவேளையின்போதோ அதற்குப் பிறகோ ஓர் அணி 45 புள்ளி முன்னிலை பெற்றுவிட்டால் ஆட்டம் அந்த நொடியே முடிந்தது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான்.

மூன்றாவது கால்பகுதி, 38 புள்ளி பின்தங்கியிருக்கும்போது இன்னொரு டச்டவுன் விழுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 44. எதிரணிக்குக் கூடுதல் புள்ளிக்கான முயற்சி உண்டு. ஓடியோ பாஸ் பிடித்தோ கோட்டைத் தாண்டினால் 1, உதைத்துக் கம்பத்துக்குள் போட்டால் 2. 11 பேர் ஆட்டத்தில் இது அப்படியே தலைகீழ். இங்கே உதைப்பவரும் பந்தைப் பிடித்து நிறுத்துபவரும் போனால் காவலுக்கு மிச்சம் நான்கே பேர் என்பதால் உதைக்கு மதிப்பு அதிகம். எதுவானாலும் ஒரு புள்ளி போதும், ஆட்டம் முடிந்துவிடும். அப்போது 3-2-1 எல்லாம் கிடையாது. ஐந்து பேரைக் கோட்டில் நிறுத்தி, ஒருவனிடம் மட்டும், 'உதைக்கிற மாதிரி நடித்து எறிவார்கள், அந்த சென்டரை விடாதே' என்று கோச் கத்திக்கொண்டிருப்பார்.