பொண்ணு ஜெயிச்சா வாட்ஸப், ஆடப் போனா வசவு

2025 நவம்பர் 13. கத்தாரில் தோஹா. உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதி ஆட்டம். சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று ஜெயித்தார். கடைசி ஃப்ரேம் 68-60. பதினைந்து சிவப்புப் பந்து ஸ்னூக்கரில் இந்தப் பட்டத்தை வாங்கிய முதல் இந்தியப் பெண் இவர்தான். எதிரில் ஆடியவரும் சாதாரண ஆள் இல்லை. மூன்று முறை உலக மகளிர் சாம்பியன். 2017-ல் சிங்கப்பூரில் நம்ம வித்யா பிள்ளையை 6-5 என்று கடைசி ஃப்ரேமில் சாய்த்தவரும் இவரே.

சேதி வந்த அன்றைக்கு எங்கள் ஊர் தமிழ் வாட்ஸப் குரூப்பில் ஒரே கைதட்டல் பொம்மைகள். "தமிழச்சிடா!", "பெருமையா இருக்கு!" சந்தோஷம்தான். ஆனால் கைதட்டிய அங்கிள்களில் பாதிப் பேர் வீட்டு பேஸ்மெண்ட்டில் பூல் டேபிள் இருக்கிறது. வீக்கெண்ட் பார்ட்டிக்குப் போனால் டேபிளைச் சுற்றி ஆம்பளைங்க, அவர்களுக்குப் பின்னால் பையன்கள். பொண்ணுங்க மாடியில். இல்லையென்றால் பஜ்ஜித் தட்டோடு படியிறங்கி, தட்டை வைத்துவிட்டு திரும்பப் படியேறுவார்கள். அந்த ஸ்டிக்கை அவர்கள் கையில் ஒருத்தராவது கொடுத்து நான் பார்த்ததில்லை.

இந்தப் புத்தி அமெரிக்காவில் முளைத்ததில்லை, ஊரிலிருந்து பெட்டியில் கட்டி எடுத்து வந்தது. நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், ஸ்கூலில் தெலுங்கு என்று வளர்ந்தவன். எங்க ஊரிலும் சரி, எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருப்பதியிலும் சரி, அந்தக் காலத்தில் ஸ்னூக்கர் பார்லர் என்றால் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு இருட்டு ரூம். சிகரெட் புகை, காலேஜ் கட் அடித்த பசங்க, ஃப்ரேமுக்கு இவ்வளவு என்று பந்தயம். என் சொந்தத்தில் ஒரு பொண்ணு, திருப்பதியில் அண்ணன் கூட ஒரே ஒரு நாள் போய் ஆடிவிட்டு வந்தாள். அண்ணனுக்குக் கிடைத்த திட்டு "படிப்பு கெட்டுப் போயிடும்". தங்கைக்குக் கிடைத்தது "பேரு கெட்டுப் போயிடும்". அவன் மறுவாரமும் போனான். அவள் அப்புறம் போகவே இல்லை. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது, இந்த இரண்டு திட்டும் மட்டும் இரண்டு மாவட்டத்திலும் பொதுச்சொத்தாக இருக்கிறது.

சரி, நம்மாட்கள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம்.

ஒன்று, "அது சூதாட்டம்". பொங்கல் கெட்-டுகெதரில் விடிய விடிய ரம்மி ஆடுகிறவர்கள் இதைச் சொல்லக்கூடாது. பந்தயம் கட்டுகிறவன் எதில்தான் கட்டவில்லை? கிரிக்கெட்டில் இல்லாத சூதா? அதற்காக யாரும் பிள்ளையை கிரிக்கெட் கோச்சிங்குக்கு அனுப்பாமல் இருக்கிறோமா?

இரண்டு, "இதில் என்ன எதிர்காலம் இருக்கு?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் கிடையாது. ஆசிய விளையாட்டில் 1998-லிருந்து 2010 வரை இருந்தது, அதற்கடுத்த மூன்று ஆசிய விளையாட்டிலும் இல்லை. பதக்கம் இல்லாத ஆட்டத்துக்கு சர்க்காரும் ஸ்பான்சரும் சுலபத்தில் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். ஆண்கள் உலகப் போட்டியில் ஜெயித்தால் 5 லட்சம் பவுண்டு, பெண்கள் பக்கம் அதற்கு கிட்டத்தில் கூட எதுவும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஹால் பிடித்து, ஊரிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை வரவழைத்து, ஆயிரக்கணக்கில் டாலர் செலவு செய்கிறோமே, அப்போது எதிர்காலத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?

மூன்று, "அங்கே பசங்க இருப்பாங்க". அப்படி வாங்க வழிக்கு! நிஜமான காரணம் இதுதான், முதல் இரண்டும் சும்மா. தப்பு ஆட்டத்தில் இல்லை, அது நடக்கிற ரூமில் என்கிறீர்கள். அப்படியானால் ரூமை மாற்ற வேண்டியதுதானே? பொண்ணை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

நல்ல ரூம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூரில் ஒரு அத்தாட்சி இருக்கிறது. ஆர். உமாதேவி, கர்நாடகத் தோட்டக்கலைத் துறையில் டைப்பிஸ்ட். அரசு ஊழியர் கிளப்புக்கு டேபிள் டென்னிஸ் ஆடப் போனவர், அங்கேயிருந்த பில்லியர்ட்ஸ் டேபிள் பக்கம் திரும்பினார். அப்போது அவர் சின்னப் பொண்ணு கூட இல்லை, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர். 2012-ல் உலக மகளிர் பில்லியர்ட்ஸ் சாம்பியன்! அவருக்கு முன்னால் 2006, 2007 இரண்டு வருஷமும் அதே பட்டத்தை வாங்கியவர் சித்ரா மகிமைராஜ், அவரும் கர்நாடகம்தான். அங்கே தண்ணீரில் எதுவும் கலக்கவில்லை. பெண்கள் தைரியமாக நுழையக்கூடிய டேபிள்கள் இருந்தன, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஜீனட் லீ. 1971-ல் நியூயார்க் புரூக்ளினில் கொரியக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே முதுகெலும்பு வளைவு, ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். பதினெட்டு வயதில் மன்ஹாட்டனில் ஒரு பூல் ஹாலுக்குள் நுழைந்தவர், சில வருஷத்திலேயே பெண்கள் பூல் ஆட்டத்தில் உலக நம்பர் ஒன். குனிந்து நிமிர்ந்தால் வலிக்கும் முதுகோடு 2001 உலக விளையாட்டுப் போட்டியில் தங்கம். கறுப்பு டிரெஸ்ஸில் வந்து எதிராளியைத் தின்றுவிடுவார் என்பதால் 'பிளாக் விடோ' என்று பட்டப்பெயர். (நம்ம பாட்டிகள் காதில் விழுந்தால் சுற்றிப் போடுவார்கள்!) 2021-ல் கருப்பைக்குப் பக்கத்தில் சினைப்பையில் நான்காம் கட்டப் புற்றுநோய். அப்போது மூன்று பெண் குழந்தைகளின் எதிர்காலத்துக்கு நிதி திரட்ட வேண்டியிருந்தது. உச்சத்தில் இருந்தவருக்கே நிலைமை இதுதான். இதைப் படித்துவிட்டு "பாத்தியா, அதான் வேண்டாங்கறேன்" என்பீர்கள். நான் சொல்வது வேறு. இவ்வளவு கஷ்டமான பாதையில் ஒரு பொண்ணு நடக்கும்போது குடும்பமும் ஊரும் சேர்ந்து கல்லைத் தூக்கிப் போட வேண்டாம்.

இன்னொன்று. ஸ்னூக்கர் ஒன்றும் வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த ஆட்டம் இல்லை. 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லெயின் ஆரம்பித்து வைத்தது. 1882-ல் விதிமுறையை எழுதிவைத்த இடம் நம்ம ஊட்டி கிளப். நம் மண்ணில் பிறந்த ஆட்டத்தை நம் பெண்கள் ஆடினால் கலாச்சாரம் கெட்டுவிடுமாம்!

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திருப்பதியில் பெண்களுக்கென்றே 1983-லிருந்து பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. சித்தூரில் பெண்கள் காலேஜ் இருக்கிறது. அங்கே படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் எத்தனையோ பேர். ஊருக்குப் போகும்போதெல்லாம் மலையேறி உண்டியலில் போடுகிறோம், போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் பத்துக் குடும்பம் சேர்ந்து, பெண்கள் மட்டும் படிக்கிற ஒரு இடத்தில் நல்ல வெளிச்சத்தோடு ஒரு ஹால், அதில் பன்னிரண்டுக்கு ஆறடி டேபிள் ஒன்று, சொல்லிக்கொடுக்க ஒரு கோச், இவ்வளவுக்கும் பணம் கொடுப்போம். "அங்கே பசங்க இருப்பாங்க" என்ற சாக்கு அன்றைக்கே செத்துப் போகும்.

அது நடக்க நாளாகும், தெரியும். அதுவரை இந்த சனிக்கிழமை பார்ட்டியில் பஜ்ஜித் தட்டை நீங்கள் தூக்குங்கள் சார். ஸ்டிக்கை பொண்ணு கையில் கொடுங்கள். அவள் உங்களை ஜெயித்துவிட்டால் அதையும் மறக்காமல் வாட்ஸப்பில் போடுங்கள் :-)