சென்னைக்கு மூன்று கட்டம்



ஐப்பசி பிறந்துவிட்டால், எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் இரவு ஒன்பது மணிக்கு ஒரே கேள்விதான். "நாளைக்கு லீவா?" கேட்பது பிள்ளைகள் அல்ல, அம்மாக்கள். லஞ்ச் பாக்ஸுக்குக் காய் நறுக்கணுமா, யூனிஃபார்மை அயர்ன் பண்ணணுமா, ஆபீஸ் போகிறவர்கள் என்றால் பிள்ளையை யாரிடம் விடுவது... ஒரு மழை அறிவிப்புக்குப் பின்னால் ஒரு வீட்டில் இத்தனை ஏற்பாடு!

காலை ஆறு மணிக்கு லீவு அறிவிப்பு வரும். எட்டரைக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும். குரூப் முழுக்க மீம்ஸ். நானும் ஒன்றிரண்டை ஃபார்வர்டு செய்திருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன்?

இதற்கு நேரெதிரான அனுபவமும் உண்டு. 2021 டிசம்பர் 30. வேலையாகத் தி.நகர் போயிருந்தேன். தூறலோடு போய்விடும் என்று நினைத்து, குடைகூட எடுக்கவில்லை. மதியம் பிடித்த மழை விடவே இல்லை. நகரின் சில பகுதிகளில் 20 செ.மீ.யைத் தாண்டியது. சப்வேக்களை மூடிவிட்டார்கள். சைலன்சருக்குள் தண்ணீர் போன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்று.

சொன்ன அன்று வருவதில்லை, சொல்லாத அன்று கொட்டுகிறது. ஏன் இப்படி? கொஞ்ச நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு வானிலை மாடல் சுலபமாகப் புரியும். பூமியின் மேல் வரிசையாகப் புள்ளி வைக்கிறார்கள். தரையிலிருந்து வானம் வரை அடுக்கடுக்காகவும் வைக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் காற்று எப்படி, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, இன்னும் சில நிமிடத்தில் இங்கே என்ன ஆகும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பிறகு அதற்கடுத்த சில நிமிடம். இப்படியே நாளை, நாளை மறுநாள் வரை போகும்.

புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் பெரிய தாமரை வரும். இடையில் சின்ன மொட்டு வராது, இல்லையா? புயல் பெரிய தாமரை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்து கிடக்கும், எந்தக் கோலத்திலும் தெரிந்துவிடும். இடிமழை மேகம்தான் மொட்டு. பத்து கி.மீ.க்கு மேல் உயரம் போனாலும், அகலம் சில கி.மீ.தான். இரண்டு புள்ளிக்கு நடுவே நழுவிவிடும்.

2025 மே மாதம் வரை, உலகம் முழுவதையும் கணக்கிடும் நம் நாட்டின் முக்கிய மாடலில் 12 கி.மீ.க்கு ஒரு புள்ளி. (சிறு பகுதிகளுக்கு மட்டும் இதைவிட நெருக்கமான மாடல்களும் ஓடுகின்றன.) ஒரு கட்டம் என்றால் 144 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. வகுத்துப் பாருங்கள். மொத்த மாநகருக்கும் மூன்றே கட்டம்! மயிலாப்பூருக்கும் கிண்டிக்கும் தி.நகருக்கும் சேர்த்து ஒரே பதில்.

அப்படியானால் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் மேகத்தை என்னதான் செய்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இவ்வளவு ஈரமும் இவ்வளவு சூடும் இருந்தால் இந்தக் கட்டத்துக்கு மொத்தமாக இவ்வளவு மழை என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பாட்டி உப்பு போடுவாரே, அதேபோல் கண்ணளவு! பாட்டி கை பெரும்பாலும் தப்பாது. ஆனால் கல்யாணச் சமையல் அண்டாவில் உப்பெல்லாம் ஒரே மூலையில் விழுந்தால்?

அதுதான் 2023 டிசம்பரில் நடந்தது. 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. அந்த ஊர் இருக்கும் மாவட்டத்துக்கு வருஷம் முழுவதும் கிடைப்பதைவிட அதிகம். பத்து கி.மீ.க்குள் இருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. இரண்டுமே பயங்கரம்தான். ஆனால் கூப்பிடு தூரத்தில் 26 செ.மீ. வித்தியாசம்! ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். காயல்பட்டினத்தில் ஒரு கோரைப்பாய் விரிக்கிற இடத்தில், ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றரையைக் கவிழ்த்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025 மே 26 அன்று 'பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்' என்ற புதிய மாடல் நடைமுறைக்கு வந்தது. உருவாக்கியது புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம். இதில் 6 கி.மீ.க்கு ஒரு புள்ளி. சென்னைக்கு மூன்று கட்டம் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு.

இடைவெளியைப் பாதியாக்கினால் வேலை இரட்டிப்பு, அவ்வளவுதானே என்று நினைத்தேன். இல்லையாம். நீளவாக்கில் இரண்டு மடங்கு, அகலவாக்கில் இரண்டு மடங்கு. புள்ளிகள் நெருங்கிவிட்டதால் கணக்கையும் இன்னும் அடிக்கடி போட வேண்டும், அதில் ஒரு இரண்டு. ஆக எட்டு மடங்கு. அதற்காகவே புனேயில் 'அர்கா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர். விநாடிக்கு நூறு கோடி கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் போடக்கூடியது. முன்பு 10 மணி நேரம் வரை இழுத்த வேலை 4 மணி நேரத்தில் முடிகிறதாம்.

1922-லேயே லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் புள்ளி வைத்துக் கணக்குப் போடும் இந்த யோசனையைப் புத்தகமாக எழுதிவிட்டார். அப்போது ஏது கம்ப்யூட்டர்? பெரிய மண்டபம் ஒன்றில் 64,000 பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு கணக்கு கொடுக்கலாம் என்றார். அவரே கையால் போட்டுப் பார்த்த ஆறு மணி நேர முன்னறிவிப்பு படுதோல்வி! அதையும் மறைக்காமல் அதே புத்தகத்தில் அச்சிட்டார். அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, 6 கி.மீ. ஆகிவிட்டது. இனி மேகம் தப்பாதா? தப்பும். சுமார் 4 கி.மீ.க்கும் கீழே போனால்தான் இடிமேகத்தைக் கண்ணளவு இல்லாமல் மெஷினே எழுப்பிக் காட்டத் தொடங்கும். அப்போதும் மேகத்துக்குள் நடப்பது தெரியாது. ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். அத்தனையையும் எந்த மெஷின் எண்ணும்? அங்கே மறுபடி கண்ணளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நெருக்கமான புள்ளிகளில் அசல் மேகம் மாதிரியே தத்ரூபமாக வரும், ஆனால் இடம் மாறிவிடும். மயிலாப்பூர் மேகம் திருவான்மியூரில் நிற்கும். அதனால் ஒரே கணக்கைத் தொடக்கத்தில் லேசாக மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுகிறார்கள். பத்தில் ஏழு முறை மழை வந்தால் 70 சதவீத வாய்ப்பு. மீதி மூன்றில் ஒன்றாக இன்றைய நாள் அமைந்து வெயில் அடித்தால், அறிவிப்பு பொய்யா?

நாம் மீம்ஸ் போடுவது இந்த இடத்தில்தான். 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று டிவியில் கேட்கிறோமே, அதற்கு ஓர் அளவு உண்டு தெரியுமா? மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசி, அல்லது அதற்கும் குறைவானவற்றில் என்று பொருள். முக்கால்வாசிப் பேருக்கு மழை இல்லை என்று அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது. நாம்தான் "எங்க ஏரியாவுல ஒரு சொட்டு இல்ல" என்று கோபப்படுகிறோம்.

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். ரெட் அலர்ட் என்றால் அவர் கோயம்பேட்டில் பாதிக் கூடைதான் எடுப்பார். மழை வரவில்லை என்றால் அன்றைய வியாபாரம் பாதி. முழுக் கூடை எடுத்து மழை வந்தால் மல்லி அழுகும். "வரும் வராதுன்னு சொல்றத விடும்மா. எத்தன பங்கு நிச்சயம்னு சொன்னா, அதுக்கேத்த மாதிரி முதல் போடுவேன்" என்றார்.

அவருக்குப் புரிகிறது. அந்த சதவீதத்தை ஏரியாவாரியாக, தமிழில், முதல் வரியிலேயே சொன்னால் என்ன? அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். கூடவே நம் பக்கத்து வேலை ஒன்றும் இருக்கிறது.

என் பாட்டி வீட்டு முற்றத்தில் ஓர் உரல். மழை விட்டதும் தாத்தா அதில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து "ஓர் உழவு மழை" என்பார். அவர் பார்த்தது அவர் வாசலில் விழுந்த மழையை. நமக்கோ மீனம்பாக்கத்தில் எவ்வளவு, நுங்கம்பாக்கத்தில் எவ்வளவு என்று தெரியும். சொந்த மொட்டைமாடியில் எவ்வளவு என்று தெரியாது.

பக்கம் நேராக இருக்கும் எவர்சில்வர் சம்படம் ஒன்றைத் திறந்த மாடியில் வையுங்கள். பக்கெட் வேண்டாம், அது மேலே விரிந்து கீழே குறுகும், கணக்குத் தப்பும். காலையில் பிள்ளைகளின் ஸ்கேலை விட்டுப் பாருங்கள். தேதியும் ஊரும் போட்டு எங்களுக்கு எழுதுங்கள், அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

நான் ஆரம்பித்துவிட்டேன். போன வியாழக்கிழமை எங்கள் மாடியில் 4 செ.மீ. இரண்டு கி.மீ. தள்ளியிருக்கும் அக்கா வீட்டில் ஒன்றரை. அக்கா நம்பவில்லை. "உன் சம்படத்துல யாரோ தண்ணி ஊத்திருக்காங்க" என்கிறார். அடுத்த மழைக்கு ஸ்கேலோடு நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்